எந்தப் பொருளின் சக்கை

குலசேகரம்
7.7.2025

மதிப்பிற்குரிய ததேயுஸ் சார் அவர்களுக்கு,

நாலாம் வகுப்பு ஆசிரியை ஷைஜா எழுதுகது. உங்க நம்பரை என் போன்ல பிளாக் பண்ணியாச்சு, அதனால கூப்பிட்டுப் பாத்து நேரத்தைக் கெடுக்க வேண்டாம். போன்ல பேசினா நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்ல"ன்னு சொல்லிரலாம். எழுத்துல சொன்னா முடியாது. அதுக்குத்தான் பதிவுத் தபால். இந்தக் கடிதத்துக்க நகல் என்கிட்ட இருக்கு.

விஷயத்துக்கு வாறேன். பாடக் குழு அனுப்பின மாதிரிப் பிரதி வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வந்துச்சு. இருபது வருஷமா மேலேருந்து வாற புத்தகத்தைப் பிரிச்சு, இந்த மாசம் இந்தப் பாடம்னு ஓட்டிட்டு இருந்தவங்க நாம. போன வருஷம்தான் முதல் தடவையா, ஒவ்வொரு பள்ளியும் ஒரு பாடத்தை சொந்தமா உருவாக்கித் தரலாம், மாநிலம் முழுக்கப் போற துணைநூல்ல அதைச் சேக்கலாம்னு சொன்னாங்க. எனக்கு அப்பவே நம்பிக்கை இல்ல. சும்மா பேருக்குக் கேப்பாங்க, பிறகு அவங்க எழுதினதையே அச்சடிப்பாங்கன்னுதான் நினைச்சேன். நீங்க அந்தக் குழுவில இருக்கீங்க, டிரெயினிங் ஸ்கூல்ல ஒரே பெஞ்சுல இருந்து படிச்ச ஆளு, அந்த ஒரு தைரியத்துல இறங்கினேன்.

பாடத்தை நான் எழுதல. அது உங்களுக்கும் தெரியும். சத்துணவு சமைக்கிற சொர்ணம்மாள் அக்கா ஒருநாள் வீட்டு மரத்துச் சக்கையைக் கொண்டுவந்து மத்தியானம் அவிச்சுப் போட்டாங்க. வெட்டும்போது வகுப்புல உள்ள இருபத்து மூணு பிள்ளைகளும் சுத்தி நின்னு கேட்ட கேள்விகளை எழுதி வச்சேன், அவ்வளவுதான். கையில என்னத்துக்கு எண்ணெய் தேய்க்கணும்? ஒரு முள்ளுக்கு ஒரு சுளையா? இருபத்து மூணு பேருக்கு எப்படிப் பங்கு வைக்கணும், பெரிய பசி உள்ளவனுக்குக் கூடுதலா குடுக்கலாமா? நாற்பத்தொரு கேள்வி. அதை வரிசைப்படுத்தி, பதில் தேடினதுதான் பாடம். கணக்கும் அறிவியலும் தமிழும் எல்லாம் அந்த ஒத்தச் சக்கைக்குள்ளயே இருந்துச்சு.

இப்போ அச்சில என்ன வந்திருக்கு? "மத்தியானத்துச் சக்கை"ங்குற தலைப்பு "பலாப்பழம்"னு ஆயிருக்கு. உள்ளே, "பலாப்பழத்தை நறுக்கி, தேங்காயும் மிளகாயும் அரைத்துச் சேர்த்து வேகவைத்தோம்." பழுத்த பலாப்பழத்தை எவராவது தேங்காய் அரைச்சு வேவிப்பாங்களா சார்? முட்டத்துல பிறந்த உங்களுக்கு இது தெரியாதா? கடைசிப் பக்கத்துல இருந்த இருபத்து மூணு பிள்ளைகளுக்க பேரும் காணல. அந்த இடத்துல "தொகுப்பு: அ. ததேயுஸ்"னு இருக்கு.

யாரு மாத்தினா, யாரைக் கேட்டு மாத்தினா? அதுக்கு மட்டும் பதில் போட்டா போதும்.

இப்படிக்கு,
ஷைஜா


சென்னை
12.7.2025

அன்புள்ள ஷைஜா,

எப்போதிலிருந்து நான் உனக்கு "சார்" ஆனேன்? உன் பதிவுத் தபாலைக் கையெழுத்திட்டு வாங்கும்போது, வக்கீல் நோட்டீஸா என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். கிட்டத்தட்ட என்றேன்.

நீ கையில் வைத்திருப்பது மாதிரிப் பிரதிதான், இறுதிப் பிரதி அல்ல. மாநிலம் முழுவதும் உள்ள பிள்ளைகள் படிக்கப்போகும் நூல் என்பதால் சொற்களைப் பொதுவாக்குவது வழக்கம். பெயர் விஷயத்தில் நீ நினைப்பதுபோல் எதுவும் நடக்கவில்லை. படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அதில் ஒரு பெயர்தான் எழுத முடியும். அது என் பெயராக அமைந்தது தற்செயல்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆகஸ்டு கூட்டம் முடியும்வரை எதுவும் செய்யாதே. குறிப்பாக, குழுத் தலைவருக்கு நேரடியாக எதையும் எழுதி அனுப்பாதே. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது. போன மாதம் அருமனையில் நடந்த ஆசிரியர் பயிற்சியில், "பிள்ளைகளின் பாடத்தை ஒரு ஆள் சென்னையில் உட்கார்ந்து தன் பெயரில் போட்டுக்கொண்டான்" என்று பேச்சு எழுந்ததாம். மாதிரிப் பிரதி உங்கள் பள்ளிக்கு வருவதற்கு முன்பே அந்தப் பேச்சு வந்துவிட்டது. அச்சாகும் முன்பே அது யாருக்குத் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
ததேயுஸ்


குலசேகரம்
18.7.2025

ததேயுஸ் சாருக்கு,

உங்க கடிதமே இப்போ பாடநூல் மாதிரி ஆயிப்போச்சு. "தற்செயல்"ங்குற சொல்லை ரெண்டு தடவை வாசிச்சேன். ஒரு கட்டந்தான் இருக்குன்னா பக்கத்துல ஒரு தாளை ஒட்ட முடியாதா? வேணுமுன்னா சக்கை வேர்லயும் காய்க்கும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. வேண்டாமுன்னா கொம்புல உள்ளதும் உதிரும்.

அருமனையில சொன்னது நான்தான். அச்சாகும் முன்ன எப்படித் தெரியும்னு கேக்கீங்க. தெரியாது. நடக்கும்னு தோணிச்சு, சொன்னேன். நடந்துச்சு. முதுகுக்குப் பின்னால சொன்னதுல வருத்தம் உண்டு. சொன்ன விஷயத்துல வருத்தம் இல்ல.

பிறகு, தலைவருக்கு நேரா எழுதாதேன்னு ஏன் சொன்னீங்க? எழுதினா என்ன வெளியே வரும்? காரணத்தைப் பிறகு சொல்லுதேன்னு சொல்லுகவங்க எல்லாம் காரணம் தயார் பண்ணிட்டு இருக்கவங்கதான். அதனால உங்க கடிதம் வந்த அன்னைக்கே, பிள்ளைகள் எழுதின அசல் பாடத்தை, இருபத்து மூணு பேரும் கையெழுத்துப் போட்ட தாளோட, தலைவர் பேருக்கே அனுப்பியாச்சு. தலைப்பு பழைய தலைப்புதான். மத்தியானத்துச் சக்கை.

பிள்ளைகள் இப்போ அஞ்சாம் வகுப்பு. மாதிரிப் பிரதியை அவங்ககிட்ட காட்டினேன். அழுவாங்கன்னு நினைச்சேன். நந்தனான்னு ஒரு பிள்ளை முழுசையும் வாசிச்சுட்டு, "டீச்சர், இது நாங்க எழுதினது இல்லல்லா? அப்போ எங்க பேரு இல்லாதது சரிதான்"னு சொல்லிட்டு வெளையாடப் போயிட்டு.

ஷைஜா
(நகல் உண்டு)


குலசேகரம்
4.8.2025

ததேயுஸுக்கு,

இனி சாரும் கிடையாது மோரும் கிடையாது. போன கடிதத்துக்கு நீ பதில் போடல. இப்போ பதில் வேற வழியா வந்திருக்கு.

குழுவிலிருந்து எனக்கு மெமோ. அப்படியே எழுதுதேன், வாசிச்சுக்கோ: "தாங்கள் அனுப்பியுள்ள பாடத்தின்படி, சத்துணவு நேரத்தில் மாணவர்களுக்குச் சக்கை வழங்கப்பட்டதாகத் தெரிய வருகிறது. இது உண்மைதானா, எந்தப் பொருளின் சக்கை, எத்தனை மாணவர்கள் உண்டனர் என்பதை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லாவிடில் பாடம் நீக்கப்படுவதுடன், தங்கள் பள்ளிக்கு அளிக்கப்பட்ட பாடம் எழுதும் அனுமதியும் ரத்து செய்யப்படும்."

எங்க எச்.எம். நாராயணபெருமாள் சாரை உனக்குத் தெரியும், பேனா மூடி காணாமப் போனாலே பிரஷர் மாத்திரை போடுக ஆளு. "வேலில போன ஓணானை மடியில எடுத்து விட்டுட்டியே அம்மா"ன்னு தலையில கைவச்சு இருந்துட்டாரு. சொர்ணம்மாள் அக்கா, தன்னாலதான் பள்ளிக்கே கேடு வந்துட்டுன்னு ரெண்டு நாளா ஒருவாய்ச் சோறு இறங்காம இருக்காங்க. பாடம் போனா எனக்கு வயிறெரியும், ஆனாலும் தாங்கிக்கிடுவேன். அனுமதி போச்சுன்னா, இந்த வருஷத்துப் பிள்ளைகள் கேட்டு வச்சிருக்க கேள்வியை எல்லாம் நான் எங்க கொண்டுபோடுவேன்? மறுபடியும் மேலேருந்து வாறதை வாசிச்சு, கீழே உள்ளதை மூடி வைக்கணும்.

நான் கேக்குகது இதுதான். மெனுவுல இல்லாத பண்டத்தை ஒரு வருஷம் முன்ன ஒருநாள் குடுத்தோம். அதை இப்போ தோண்டி எடுத்து, குத்தம்னு காட்டிக் குடுத்தது யாரு? பாடத்தை நேரா அனுப்பாதேன்னு சொன்ன ஆளு யாரு? ரெண்டும் ஒரே ஆளுன்னு எனக்குத் தோணுது. இல்லன்னு நீதான் சொல்லணும்.

எனக்கு மறைக்க ஒண்ணும் இல்ல. உள்ளதை உள்ளபடி பதில் எழுதி அனுப்பிட்டேன்: "ஆம், உண்மை. அது வருக்கை. கூழன் அல்ல. இருபத்து மூன்று மாணவரும் உண்டனர். போதாமல் மீண்டும் கேட்டு வாங்கி உண்டனர். நானும் உண்டேன். தலைமை ஆசிரியருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம். யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை."

இதுல என்ன குத்தம் கண்டுபிடிக்காங்கன்னு பாக்கேன்.

ஷைஜா


சென்னை
9.8.2025

ஏட்டி ஷைஜா,

நீ என்னத்தை எழுதி அனுப்பி வச்சிருக்கே?

நேத்து கூட்டத்துல உன் பதிலை சத்தமா வாசிச்சாங்க. "அது வருக்கை, கூழன் அல்ல"ன்னு வந்ததும், வருக்கைங்குறது எந்த ஆலைன்னு ஒருத்தர் கேட்டாரு. "போதாமல் மீண்டும் கேட்டு வாங்கி உண்டனர்"னு வந்ததும் ஒரு அம்மா வாயைப் பொத்தினாங்க. தலைமை ஆசிரியருக்கும் ஒரு கிண்ணம்னு கேட்டதும் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில வச்சிட்டாரு. எனக்கு அழவா சிரிக்கவான்னு தெரியல.

இங்க சக்கைன்னா என்னன்னு யோசிச்சுப் பாரு. கரும்பை ஆட்டிச் சாறு எடுத்த பிறகு மிஞ்சுறது. பிழிஞ்சு துப்புறது. நீயும் நானும் அதைப் புத்தகத்துல வாசிச்சிருக்கோம். ஆனா சக்கைன்னு வெறுமனே கேட்டா, மரத்துல தொங்குறதுதான் நமக்குக் கண்ணுல வரும். இங்க யாருக்கும் அது வராது. முப்பத்தெட்டு பாடம் வந்திருக்கு, தலைப்பையும் முதல் பத்தியையும்தான் பாத்திருக்காங்க. உன் முதல் பத்தி என்ன? "சொர்ணம்மாள் அக்கா சக்கை கொண்டு வந்தார். அதை வெட்டி அவித்துச் சோற்றோடு தந்தார்." பிள்ளைகளுக்குக் கழிவை அவிச்சுப் போட்டதை ஒரு டீச்சரே பாடமா எழுதி, கையெழுத்தும் வாங்கி அனுப்பியிருக்கான்னு நினைச்சிட்டாங்க. மெமோவுல "எந்தப் பொருளின் சக்கை"ன்னு கேட்டது அதுக்குத்தான். நீ என்னடான்னா வருக்கை, கூழன்னு பலாவுக்க சாதி சொல்லுதே.

நான் காட்டிக் குடுக்கல. சொல்லை நான் மாத்தினது இதுக்குப் பயந்துதான், நேரா அனுப்பாதேன்னு சொன்னதும் இதுக்குத்தான். அவிச்ச சக்கை எல்லாம் பழமா மாறினதை நான் கவனிக்கல. கம்ப்யூட்டர்ல ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லை மொத்தமா மாத்தினா அப்படித்தான் ஆவும். அது எனக்க பிழை.

இதை முதல் கடிதத்துலயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. சொல்ல நாணக்கேடா இருந்துச்சு. நான் இங்க வந்த புதுசுல, எனக்கு சக்கைன்னா உயிருன்னு கேண்டீன்ல சொல்லிட்டேன். ஒரு வாரம் சிரிச்சாங்க. கரும்பு ஜூஸ் கடையைப் பாத்தாலே என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. அதுக்குப் பிறகு அந்தச் சொல்லை நான் வாயில எடுக்கல. மூணு வருஷமாச்சு. என் வாயில வராததை உன் பாடத்துலயும் வராமப் பண்ணினேன், வேற ஒண்ணும் இல்ல.

பேரு விஷயம் தற்செயல் இல்ல. அதையும் சொல்லிருதேன். இன்னொரு தாள் கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான் கேக்கல. அச்சுல எனக்க பேரைப் பாத்தப்போ சந்தோஷமா இருந்துச்சு ஷைஜா. போட்டோ எடுத்து முட்டத்துக்கு அம்மைக்கு அனுப்பினேன். அருமனையில நீ சொன்னது பொய் இல்ல.

இப்போ நிலைமை இதுதான். சக்கைன்னா பலான்னு எழுந்து நின்னு சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க, மெமோவை நிறுத்தி வச்சிருக்காங்க. ஆனா இருபதாம் தேதிக்குள்ள எழுத்துல புது விளக்கம் வேணும். "பலாப்பழம் என்று மாற்ற எனக்குச் சம்மதம்"னு ஒரு வரி எழுதிக் குடுத்தா, இருபத்து மூணு பேரையும் போடவும் சம்மதிக்காங்க, அனுமதியும் பத்திரம். எழுதிரு மக்கா. சவத்தை விடு. ஒரு சொல்லுதானே.

ததேயுஸ்


குலசேகரம்
14.8.2025

ததேயுஸ்,

உன் கடிதத்தை எச்.எம். அறையில வச்சு வாசிச்சேன். "தலைமை ஆசிரியருக்கும் ஒரு கிண்ணம்"ங்குற இடம் வந்ததும் நாராயணபெருமாள் சார் சிரிச்சாரு. பதினோரு வருஷத்துல அவரு பல்லை அன்னைக்குத்தான் பாத்தேன். சொர்ணம்மாள் அக்கா விஷயம் வெளங்கினதும் முதல்ல திட்டினாங்க, பிறகு ரெண்டு தட்டுச் சோறு தின்னாங்க.

உன்மேல சந்தேகப்பட்டது தப்புதான், பாதி. மத்தப் பாதியை நீயே ஒத்துக்கிட்ட. மெமோ வந்தது என்னால. நீ சொன்னதைக் கேக்காம நான் அனுப்பினதால. அதை எழுத எனக்குக் கை வரல, இருந்தாலும் எழுதிட்டேன்.

ஆனா உன் கடைசி வரி எனக்குப் பிடிக்கல. ஒரு சொல்லுதானேன்னு எழுதியிருக்கே. பேரைக் குடுக்காங்க, சொல்லை எடுக்காங்க. இது நல்லா யோசிச்சுப் போட்ட கணக்கு மாதிரி இருக்கு. இதைச் சொல்லச் சொன்னது அவங்களா, இல்ல நீயா ஒரு வழி கண்டுபிடிச்சியா? பதில் வேண்டாம்.

நான் முடிவெடுக்கல. பாடம் யாருக்கு சொந்தமோ அவங்ககிட்ட கேட்டேன். பேரு வேணுமா, சொல்லு வேணுமான்னு. பேரு வேணும்னு பாதிப் பேரு கை தூக்கினாங்க. பொய் சொல்லமாட்டேன், அச்சுல பேரு வாறதுன்னா ஆருக்குத்தான் ஆசை இருக்காது? அப்போ நந்தனா எழுந்து, "டீச்சர், பலாப்பழம்னா பழுத்தது மட்டும்தானே? பிஞ்சுல இடிச்சக்கை, மூத்தா சக்கை, பழுத்தாத்தான் சக்கைப்பழம். நாம தின்னது பழமே இல்லல்லா? அப்போ அவங்களுக்குத் தெரியலன்னா நாம ஏன் மாத்தணும்"னு கேட்டா. நாற்பத்திரண்டாவது கேள்வின்னு பலகையில எழுதினேன்.

பிறகு மெமோவை முழுசா வாசிச்சுக் காட்டினேன். எந்தப் பொருளின் சக்கைன்னு கேட்டிருக்காங்களே, என்ன பதில் எழுதலாம்னு கேட்டேன். ஒரு மணிக்கூர் சண்டை. கடைசியா பிள்ளைகள் சொல்லச் சொல்ல நந்தனா எழுதினதை அப்படியே விளக்கமா அனுப்பியிருக்கேன். உனக்கும் எழுதுதேன்:

"ஐயா, எங்கள் ஊரில் சக்கை என்பது மரத்தில் காய்ப்பது. சுளையை நாங்கள் தின்றோம். கொட்டையைக் குழம்பில் போட்டோம். மடலைப் பசு தின்றது. பிசினை வைத்து உடைந்த ஸ்லேட்டை ஒட்டிப் பார்த்தோம், ஒட்டவில்லை. அதனால் எங்கள் சக்கையில் சக்கை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. உங்கள் ஊர்ச் சக்கை எது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டோம். எங்கள் ஊர்ச் சக்கையை நீங்களும் தெரிந்துகொள்ளலாம்."

சம்மதம்ங்குற வரி அதுல இல்ல. இனி பாடம் இருக்கோ போகுதோ. அனுமதி போகும்னு எனக்குப் பேடி உண்டு, ராத்திரி உறக்கம் இல்ல. ஆனாலும் அந்த வரியை எழுதினா, மறுநாள் வகுப்புல போய் "கேள்வி கேளுங்க பிள்ளைகளே"ன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

ஷைஜா
(நகல் எடுத்திருக்கேன். கோவப்படாதே, பழக்கம்.)


சென்னை
12.9.2025

ஷைஜா,

தாமசத்துக்குக் காரணம் உண்டு, இந்தத் தடவை பிறகு சொல்லுதேன்னு சொல்லல, இப்பவே சொல்லுதேன். கூட்டம் ரெண்டு தடவை தள்ளிப் போச்சு.

நந்தனா எழுதினதை நான்தான் எழுந்து நின்னு வாசிச்சேன். "சக்கை"ன்னு மூணு வருஷத்துக்குப் பிறகு சத்தமா சொன்னேன். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தட்டிச்சு. தலைவர் தாளை வாங்கி அவரும் ஒரு தடவை வாசிச்சாரு. ஒட்டவில்லைங்குற இடத்துல விரலை வச்சு, "ஏன் ஒட்டலன்னு கண்டுபிடிச்சாங்களா"ன்னு என்கிட்ட கேட்டாரு. தெரியாதுன்னேன். உனக்குத் தெரிஞ்சா எழுது, அவரு மறுபடியும் கேப்பாரு.

பிறகு நடந்தது நான் நினைக்காதது. வாயைப் பொத்தின அந்த அம்மா, அவங்க ஊர்ல ஒரு காய்க்குச் சொல்லுற பேரைச் சொன்னாங்க. பக்கத்துல இருந்தவருக்கு அது வசவு. அவரு அவங்க ஊர்ச் சொல்லு ஒண்ணைச் சொன்னாரு. ஆளாளுக்கு ஒண்ணு எடுத்து விட்டாங்க. டீ ஆறிப்போச்சு. நாலு வருஷமா பொதுச் சொல்லு, பொதுச் சொல்லுன்னு பென்சிலும் கையுமா உக்காந்திருந்த ஆட்கள்.

பாடம் இருக்கு. சக்கைன்னே இருக்கு. அனுமதி இருக்கு. முப்பத்தெட்டு பாடத்துக்கும் கடைசியில ரெண்டு வரி காலியா விட்டு, "உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள்?"னு ஒரு கேள்வி சேக்கணும்னு முடிவாச்சு. பிள்ளைகள் பேரு போட அரைப் பக்கம் கூடுதலா கேட்டேன், குடுத்தாங்க. வேர்லயே காய்ச்சுட்டு. "தொகுப்பு"ங்குற கட்டத்துல என் பேரை அடிச்சுட்டேன். அம்மை கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.

அச்சுப் பக்கம் இதோட இருக்கு. நீ நம்பமாட்டேன்னு தெரியும், எண்ணிப் பாத்துக்கோ. பிளாக்கை எடுத்தியா?

ததேயுஸ்


குலசேகரம்
20.9.2025

அன்புள்ள ததேயுஸ்,

பிளாக்கை எடுக்கல. எடுத்தா நீ கடிதம் எழுதமாட்டே.

பக்கத்தைக் காட்டினேன். பிள்ளைகள் அவரவர் பேரை விரலால தொட்டுப் பாத்தாங்க. பிசின் ஏன் ஒட்டலன்னா, கை எண்ணெயோட ஸ்லேட்டைப் பிடிச்சதால. அந்த எண்ணெயைத் தேய்க்கச் சொன்னது நான். தலைவர்கிட்ட சொல்லிரு.

இந்த வருஷத்து நாலாம் வகுப்பு, ரப்பர் மரத்து வெட்டுல ஒட்டி உறையுற ஒட்டுப்பாலைப் பத்திக் கேள்வி சேக்காங்க. பாதிப் பேருக்க அப்பன்மாரு ரப்பர்ல பால் வெட்டுக ஆளுங்க. ஒட்டுப்பால்னா சென்னையில என்ன அர்த்தம்னு முதல்லயே எழுதி அனுப்பிரு. இன்னொரு மெமோவுக்கு எங்க எச்.எம். தாங்கமாட்டாரு.

நீ சொன்ன மாதிரி எண்ணிப் பாத்தேன். இருபத்து நாலு வந்துச்சு. மறுபடியும் எண்ணினேன். இருபத்து நாலாவது எனக்க பேரு. பிள்ளைகளோட பிள்ளையா, டீச்சர்னுகூட போடாம, வெறும் ஷைஜா. நான் கேக்கவே இல்லையே. இதுக்குப் பின்னால என்ன இருக்கும்னு மூணு நாள் யோசிச்சேன். இந்த ஆளுக்கு என்கிட்ட இனி என்ன ஆகணும்னு யோசிச்சேன். ஒண்ணும் கிடைக்கல. ஒண்ணும் இல்லன்னுதான் முடிவுக்கு வந்திருக்கேன்.

இந்தக் கடிதத்துக்கு நான் நகல் எடுக்கல. இருக்கது உன் கையில உள்ள இது ஒண்ணுதான், தொலைச்சிராதே.

ஷைஜா